தடித்த சவர்க்காரமும் நுரைப் பம்ப் போத்தலும்: யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்கு ஏற்றபடி கலப்பது எப்படி?

எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கிற முன்பள்ளிக்குக் கை கழுவும் சவர்க்காரம் கலந்து கொடுப்பது சில வருடங்களாக என் வேலை. சின்னப் பிள்ளைகளின் கையில் கட்டிச் சவர்க்காரம் நிற்காது, வழுக்கி மணலுக்குள் விழுந்துவிடும். தடித்த திரவத்தைக் கொடுத்தால் உள்ளங்கை நிறைய எடுத்துவிட்டு, கழுவி முடியாமல் சட்டையில் துடைப்பார்கள். நுரையாக வந்தால் மட்டும் வரிசையில் நின்று கழுவுகிறார்கள். அதனால்தான் இந்தப் போத்தல்களோடு எனக்கு இவ்வளவு பழக்கம்.

இப்போது அக்கம்பக்கத்தில் யாருடைய போத்தல் இறுகினாலும் என்னிடம்தான் வருகிறது. போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கொண்டு வந்தாள்.

"அக்கா, இது மாமி கனடாவில இருந்து கொண்டு வந்த போத்தல். உள்ள இருந்தது முடிஞ்சுது எண்டு நாங்கள் நிரப்பினாங்கள். இப்ப அமத்தவே ஏலாமல் கிடக்குது."

"என்ன விட்டனீங்கள்?"

"கடையில வாங்கின ஹாண்ட்வோஷ்தான். அப்படியே விட்டனாங்கள்."

அந்த 'அப்படியே'தான் பிழை. பம்ப் பழுதாகவில்லை. நுரைப் பம்ப் தண்ணீர் போல ஓடுகிற திரவத்துக்கென்று செய்யப்பட்டது. தடித்ததை அதற்குப் பொருந்துகிற மாதிரி நாம் ஐதாக்கிக் கொடுக்க வேண்டும். அளவு சொல்லிக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் எவ்வளவு தண்ணீர் விடுகிறோம் என்பதைப் போலவே எந்தத் தண்ணீரை விடுகிறோம் என்பதும் முக்கியம். அதை யாரும் சொல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போத்தலைப் பாருங்கள்

கையில் இருப்பது நுரைப் பம்ப்தானா? லோஷன், ஷாம்பு போத்தல்களில் வரும் சாதாரண பம்புக்குக் கழுத்து ஒடுக்கமாக இருக்கும். நுரைப் பம்பின் கழுத்து அகலம். மூடியைத் திருகிக் கழற்றினால் அதன் கீழே தடித்த உருளை ஒன்று தொங்கும், அதற்குக் கீழே மெல்லிய குழாய். அந்தத் தடித்த உருளைக்குள்தான் எல்லா வேலையும் நடக்கிறது.

உள்ளே இரண்டு அறைகள். சின்னது திரவத்தை இழுக்கும், பெரியது காற்றை இழுக்கும். தலையை அமத்தும்போது இரண்டும் ஒன்றாகத் தள்ளப்பட்டு, ஓரிடத்தில் கலந்து, மிக நுண்ணிய வலை ஒன்றையோ இரண்டையோ ஊடுருவி வெளியே வருகின்றன. வலையின் கண்கள்தான் நுரையைச் சின்னச் சின்னக் குமிழ்களாக உடைக்கின்றன. ஒரு பங்கு திரவத்தோடு கிட்டத்தட்ட 10 பங்கு காற்று சேரும். வாயு அடைத்த ரின் போல இதற்குள் எந்த அழுத்தமும் இல்லை. உங்கள் விரலின் பலம் மட்டும்தான்.

இப்போது இதற்குள் தடித்த ஹாண்ட்வோஷ் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். திரவத்தின் தடிப்பைச் சென்ரிபொயிஸ் என்ற அலகில் அளப்பார்கள். தண்ணீர் 1. கடையில் வாங்கும் ஹாண்ட்வோஷும் ஷாம்பும் ஆயிரக்கணக்கில் நிற்கும். அவ்வளவு தடித்தது அந்த வலைக் கண்களால் புகமுடியாது. முதலில் நுரைக்குப் பதிலாகக் கட்டியாகத் துப்பும். பிறகு திரவம் காற்று அறைக்குள் ஏறும். ஸ்பிரிங் தலையை மேலே தள்ளச் சக்தி போதாமல் திணறும். அந்த நேரத்தில்தான் எல்லோரும் பலமாக அமத்துகிறார்கள், தண்டு முறிகிறது. தலை தானாக மேலே எழும்பாவிட்டால் அமத்துவதை உடனே நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு அமத்துவதால் நன்மை எதுவும் வராது.

பாணியா, பிளேன்ரீயா?

அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு தேக்கரண்டியில் திரவத்தை எடுத்துச் சரித்துப் பாருங்கள். பனங்கட்டிப் பாணி போல நூலாக இழுபட்டு விழுந்தால் அது நுரைப் பம்புக்கு ஆகாது. வடித்த கஞ்சி போல வழுகி விழுந்தாலும் ஆகாது. பிளேன்ரீயைச் சரிக்கிற மாதிரி, கரண்டியை விட்டுச் சட்டென்று துளித்துளியாகப் பிரிந்து விழ வேண்டும். முதன்முறை கலப்பவர்கள் கஞ்சிப் பதத்திலேயே நிறுத்திவிடுவார்கள். இதற்கு மேல் தண்ணீர் விட்டால் சவர்க்காரமே இருக்காது என்று மனம் தயங்கும். தயங்க வேண்டாம். நுரையைத் தருவது காற்றும் வலையும். சவர்க்காரம் கொஞ்சம் போதும்.

நான் தொடங்கும் அளவுகள் இவை. தடித்த ஹாண்ட்வோஷ் 1 பங்குக்குத் தண்ணீர் 4 பங்கு. ஷாம்பு, உடம்புக்குப் பூசும் திரவச் சவர்க்காரம் ஆகியவற்றுக்கு 3 முதல் 4 பங்கு. பாத்திரம் கழுவும் தடித்த திரவத்துக்கு 5 பங்கில் தொடங்கி, கரண்டிச் சோதனையில் தேறும் வரை கூட்டலாம். பங்கு என்பது எதுவாகவும் இருக்கலாம். நான் கழுவி வைத்த யோகட் கோப்பையால் அளக்கிறேன். ஒரே கோப்பையால் அளந்தால் போதும்.

250 மில்லிலீற்றர் கலவை வேண்டும் என்றால் 50 சவர்க்காரம், 200 தண்ணீர். கை கழுவும் போத்தல்களில் வரும் பெரிய பம்ப் ஒரு தரம் அமத்தினால் சுமார் 0.8 மில்லிலீற்றர் திரவம் விடும். ஆக, 250 மில்லிலீற்றரில் 300 தரத்துக்கு மேல் அமத்தலாம். பாணியாகப் பாவித்தால் அதே 50 மில்லிலீற்றர் எத்தனை தரத்துக்கு வரும் என்று வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. காயம் கழுவவோ நோயாளியைப் பராமரிக்கவோ வைத்திருக்கும் கிருமிநாசினித் திரவங்களை இப்படி ஐதாக்கி நுரைப் போத்தலில் விடாதீர்கள். அவற்றின் அளவு போத்தலின் மேல் எழுதியிருப்பதுதான். இங்கே சொல்வது சாதாரணக் கை, பாத்திரம், தலை கழுவும் திரவங்களுக்கு மட்டும்.

எந்தத் தண்ணீர்?

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணறுகளில் ஊறுவது அந்தக் கல்லுக்குள்ளால் வரும் தண்ணீர், அதில் கல்சியம் கரைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வன்னீர் என்று படித்தது இதைத்தான். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், ஷவரின் துளைகள் மாதக்கணக்கில் மெல்ல அடைபடுவதும் இதனால்தான். ஷவரின் துளையையே அடைக்கிற தண்ணீர் நுரைப் பம்பின் வலையை விட்டுவைக்குமா?

இதில் சவர்க்காரத்தின் வகையும் பார்க்க வேண்டும். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சிய உண்மையான சவர்க்காரம் வன்னீரோடு சேர்ந்தால், கல்சியம் அதைப் பிடித்துக் கரையாத வெள்ளைப் படிவாக்கிவிடும். வாளி விளிம்பில் பிசுக்காக ஒட்டுகிறதே, அதேதான். கடையில் விற்கும் பெரும்பாலான ஹாண்ட்வோஷ், ஷாம்பு வகைகள் உண்மையில் சவர்க்காரம் அல்ல, அழுக்ககற்றிகள். போத்தலின் பின்பக்கத்தில் சோடியம் லோரெத் சல்பேற்று என்று இருந்தால் அந்த வகை. அவை வன்னீரைக் கொஞ்சம் தாங்கும். வீட்டில் தேங்காயெண்ணெயில் செய்யும் திரவச் சவர்க்காரம் தாங்காது.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். முதல் வருடம் வீட்டில் செய்த தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்து ஆறு போத்தல் நிரப்பி முன்பள்ளிக்குக் கொடுத்தேன். கலக்கும்போதே பால் போல வெளுத்தது. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். இரண்டு கிழமைக்குள் ஆறும் அடைத்துவிட்டன. பிள்ளைகள் வெறும் தண்ணீரில் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததை ஆசிரியை சொன்னபோது மனம் மிகவும் வருந்தியது. வெளுத்த அந்த நிமிடமே நிறுத்தியிருக்க வேண்டும். அந்த வெள்ளைதான் வலையை அடைக்கும் படிவு.

உங்கள் தண்ணீரைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தெளிந்த கண்ணாடிப் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, நீங்கள் பாவிக்கப்போகும் சவர்க்காரத்தில் சில துளிகளைச் சேர்த்துக் குலுக்குங்கள். நுரை மேலே நின்று கீழே தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது. நுரை வராமல் தண்ணீர் கலங்கி, துணுக்குகள் மிதந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். முத்துப் போல மினுங்கும் ஷாம்புகள் மட்டும் எந்தத் தண்ணீரிலும் கொஞ்சம் கலங்கித்தான் தெரியும்.

அப்படியானால் எதை எடுப்பது? வலிகாமத்துப் பக்கம், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் போன்ற ஊர்களில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலே பெரும் வித்தியாசம் தெரியும். சுண்ணக்கல் தண்ணீரின் வன்மையில் பெரும்பகுதி கொதிக்கும்போது வெள்ளைப் பொடியாகப் பிரிந்துவிடும். பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, மூடி, இரவு முழுக்க அசைக்காமல் வைத்து, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாகச் சரித்து எடுங்கள். அடியில் நிற்கும் இரண்டு விரற்கடைத் தண்ணீரில் ஆசை வைக்காதீர்கள்.

கரையோர ஊர்களிலும் தீவுப்பகுதியிலும் கதை வேறு. அங்கே தண்ணீர் உவர். உவர் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்த் தண்ணீரும் இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடாநாட்டின் நிலத்தடியில் பல இடங்களில் அதே கதைதான். நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, அதிகமாக இறைத்தால் உப்பு மேலே வருகிறது. உப்பு இன்னொரு வேலையும் செய்யும். லோரெத் சல்பேற்று உள்ள திரவங்களை உற்பத்தி செய்பவர்கள் தடிப்பாக்குவதே பெரும்பாலும் சாப்பாட்டு உப்பால்தான். ஆகவே உவர்த் தண்ணீரைக் கொஞ்சமாக விட்டால் ஷாம்பு ஐதாவதற்குப் பதிலாக இன்னும் இறுகுவதும் உண்டு. வேலணையிலிருந்து ஒரு தங்கைச்சி, "தண்ணி விட விடக் கூழ் மாதிரி வருகுது அக்கா" என்று சொன்னபோது காரணம் இதுதான். மழைத் தண்ணீரில் கலக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது.

மழைத் தண்ணீர்தான் இந்த வேலைக்கு மிகச் சிறந்தது. அது மென்னீர். ஐப்பசி, கார்த்திகையில் கூரையிலிருந்து விழுவதைப் பிடித்து வையுங்கள். முதல் மழையை விடுங்கள், கூரைத் தூசியும் காகத்தின் எச்சமும் அதோடு போகட்டும். பிறகு வருவதை நாலாக மடித்த பழைய வேட்டித் துணியில் வடித்து, கொதிக்க வைத்து ஆறவிட்டு எடுக்கலாம். மழை இல்லாத மாதங்களில் கடைகளில் கானில் நிரப்பித் தரும் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது நுண்ணிய சவ்வில் அழுத்தி வடித்து உப்பைப் பிரித்த தண்ணீர், போதும். ஒரு போத்தலுக்கு ஒரு கோப்பைதானே வேண்டும், குடிக்க வாங்கியதிலேயே எடுக்கலாம். தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமும் அதே முறையில்தான் உப்பைப் பிரிக்கிறது. குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர் முதலில் அந்தக் கண்ணாடிப் போத்தல் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

கலக்கும் முறை

தண்ணீர் இளஞ்சூடாக இருக்கட்டும், கை வைத்தால் சுடாத அளவு. முதலில் தண்ணீரை ஒரு வாய் அகன்ற பாத்திரத்தில் விட்டு, அதன் மேல் சவர்க்காரத்தை மெல்ல ஊற்றுங்கள். மாறிச் செய்தால் தண்ணீர் விழும் வேகத்தில் பாத்திரம் முழுக்க நுரையாகிவிடும், எவ்வளவு கலந்தது என்று தெரியாது. நீளக் கரண்டியால் அடியிலிருந்து சுற்றிக் கிளறுங்கள், அடிக்க வேண்டாம். போத்தலுக்குள்ளேயே விட்டுக் குலுக்கினால் தடித்த சவர்க்காரம் அடியில் பாணியாகத் தங்கிவிடும். பம்பின் குழாய் அடியிலிருந்துதானே உறிஞ்சுகிறது, ஆகவே முதல் அமத்தலிலேயே அது வலைக்குப் போய்விடும். வெளியே கலக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மூடி ஒரு இரவு வையுங்கள். நுரை அடங்கும், கரையாதது கரையும். காலையில் கரண்டிச் சோதனை. தேறினால் மெல்லிய துணியில் வடித்துப் போத்தலில் விடுங்கள். இந்த வடிப்பைத் தவிர்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் துணியில் நிற்பதைத் தடவிப் பார்த்தால் தெரியும்.

போத்தலை முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். அந்தத் தடித்த உருளை உள்ளே இறங்கும்போது அதற்கு இடம் வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பால் வழியும். மூடியை இறுக்கி, வெறும் காற்று வந்தாலும் பொறுமையாகப் பத்து, பதினைந்து தரம் மெதுவாக அமத்துங்கள். அறைகள் நிரம்பியதும் நுரை வரத் தொடங்கும். நுரை கையில் சிறு மலை போல நின்றால் கலவை சரி. தண்ணீராக வழிந்தால் கொஞ்சம் சவர்க்காரம் கூட்டுங்கள். அமத்தல் கனமாக இருந்தால் தண்ணீர் கூட்டுங்கள். நிரப்பிய போத்தலைப் படுக்க வைக்கவும் தலைகீழாகப் பிடிக்கவும் கூடாது, திரவம் காற்று அறைக்குள் போய்விடும்.

விடக் கூடாதவை

குருணி உள்ள முகம் கழுவும் திரவம், சீயாக்காய், அரப்பு போன்ற பொடிகள், எண்ணெய், தலைக்குப் பூசும் கண்டிஷனர், ஜெல்லாக இருக்கும் சானிரைசர் எதுவும் வேண்டாம். துணி தோய்க்கும் கட்டியைச் சீவிச் சுடுதண்ணியில் கரைத்து நிரப்பலாம் என்று பலர் சொல்கிறார்கள். சூடாக இருக்கும்போது தண்ணீராகத்தான் இருக்கும். ஆறியதும் பம்புக்குள்ளேயே களியாக உறையும்.

வாசத்துக்குத் தேசிக்காய் பிழிவது எங்கள் ஊரில் பலருக்கு விருப்பம். பாத்திரம் கழுவும்போது கையில் தனியாகப் பிழியுங்கள், போத்தலுக்குள் வேண்டாம். உண்மையான சவர்க்காரத்தைப் புளி உடைத்துவிடும், கொழுப்பு திரிந்த பால் போலப் பிரியும். அழுக்ககற்றி திரியாவிட்டாலும் பழச் சாறு இரண்டு நாளில் புளிக்கத் தொடங்கும்.

ஏற்கெனவே இறுகிய பம்பை மீட்பது

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போத்தலை அன்றே சரிசெய்து கொடுத்தேன். அதே முறையை நீங்களும் செய்யலாம். போத்தலில் இருந்ததை வேறு பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள், அதை நாளைக்கு ஐதாக்கிப் பாவிக்கலாம். பம்பை மட்டும் சுடுதண்ணியில், கொதிக்கும் தண்ணியில் அல்ல, அரை மணித்தியாலம் ஊறப்போடுங்கள். தலையும் மூழ்க வேண்டும். பிறகு குழாயைப் புதுச் சுடுதண்ணிக் கோப்பைக்குள் விட்டு மெதுவாக அமத்துங்கள். முதலில் களியாக வரும், பிறகு நுரையாக வரும், கடைசியில் வெறும் தண்ணீர் வரும். வெறும் தண்ணீர் வரும்வரை விடாதீர்கள்.

அப்படியும் கனமாக இருந்தால் உள்ளே இருப்பது சுண்ணாம்புப் படிவு. வினாகிரியும் தண்ணீரும் சம அளவாக எடுத்து ஒரு இரவு ஊறவைத்து, காலையில் அதே கலவையைப் பம்பால் இழுத்து வெளியேற்றுங்கள். அதன் பிறகு நல்ல தண்ணீரால் இருபது தரமாவது அமத்திக் கழுவ வேண்டும். வினாகிரி மிச்சம் இருந்தால், தேசிக்காய்க்குச் சொன்னது போலவே, புதுச் சவர்க்காரம் உள்ளே போய்த் திரியும்.

வாயில் ஊசி விட்டுக் குத்தாதீர்கள். வலை கிழிந்தால் அதற்குப் பிறகு பெரிய பெரிய குமிழ்தான் வரும், திருத்த வழியில்லை. உருளையைப் பிரித்துக் கழற்றவும் வேண்டாம். உள்ளே சின்னக் குண்டு ஒன்று இருக்கும், அது உருண்டு போனால் பம்ப் அதோடு முடிந்தது.

எத்தனை நாள் வைக்கலாம்?

கம்பனிக்காரர் சவர்க்காரத்தில் சேர்த்திருக்கும் பழுதாகாமல் காக்கும் பொருள் அவர்கள் விற்கும் தடிப்புக்கு ஏற்ற அளவில் இருக்கும். நாம் நாலு பங்கு தண்ணீர் விட்டால் அந்தப் பொருளும் ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது. எங்கள் வெக்கைக்கு அது நீண்ட நாள் நிற்காது. ஐதான சவர்க்காரத்தில் கிருமி வளரும் என்பது பலருக்கு நம்ப முடியாமல் இருக்கிறது. உண்மையாகவே வளரும். நிரப்பி நிரப்பிப் பாவிக்கும் சவர்க்காரப் போத்தல்களில் இது நன்கு அறியப்பட்ட பிரச்சினை. ஆகவே இரண்டு கிழமைக்குள் முடியும் அளவுக்கு மட்டும் கலவுங்கள், கலக்கும் தண்ணீர் கொதித்து ஆறியதாகவே இருக்கட்டும். ஆர்.ஓ. தண்ணீரையும் நான் ஒருதரம் கொதிக்க வைக்கிறேன். மணம் மாறினாலோ, கலங்கினாலோ, போத்தலின் உள்பக்கம் வழுவழுத்தாலோ மனம் பார்க்காமல் ஊற்றிவிடுங்கள்.

கால்வாசி மிச்சம் இருக்கும்போது அதன் மேலேயே புதியதை ஊற்றுவது பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பழையதை முடித்து, போத்தலையும் பம்பையும் சுடுதண்ணியில் கழுவி, கவிழ்த்து நிழலில் காயவிட்டுப் பிறகு நிரப்புங்கள். இதற்காகவே நான் முன்பள்ளிக்கு ஒவ்வொரு கைகழுவும் இடத்துக்கும் இரண்டு போத்தல் வைத்திருக்கிறேன். ஒன்று பாவனையில் இருக்கும், மற்றது கழுவிக் காய்ந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை மாற்றிவிட்டு, கலந்த திகதியைப் பிளாஸ்ரர் துண்டில் எழுதி அடியில் ஒட்டுகிறேன். மேலே ஒட்டினால் பிள்ளைகள் ஒரே நாளில் உரித்துவிடுவார்கள்.